முப்பத்தொன்றாவது கையெழுத்து

ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

வாயாடி எழுதுகிறேன். நான் நலம். அம்மாவும் அப்பாவும் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். அக்காவை நலம் வரிசையில் சேர்க்கவில்லை. அவளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இரவு மணி பன்னிரண்டே கால். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா தூங்குகிறாள். அப்பா கம்பெனி வேனை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் போனைத் தொட்டாலே அம்மா "யாருடி அது?" என்று பக்கத்தில் வந்து நிற்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் உங்கள் கம்பெனி வேலையாகப் பதினொரு நாள் எங்கள் வீட்டில் தங்கி ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனீர்கள். அதற்குப் பிறகுதான் இங்கே அந்த ஏழு மாடிக் கட்டடம் வந்தது. தெருவில் அதை "உங்க மாமா கட்டடம்" என்றுதான் சொல்கிறார்கள். அக்கா அங்கே சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. முதலில் எல்லாரையும் போலப் போன் எடுத்தாள். எங்கோ ஒரு நாட்டில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடாவிட்டால் இவளிடம் கத்துவார்கள், இவள் மன்னிப்புக் கேட்பாள். பகலில் தூங்கும்போதுகூட "காத்திருந்ததற்கு நன்றி" என்று இங்கிலீஷில் சொல்வாள். நான் சிரிப்பேன்.

போன மாதம் அவளை மூன்றாவது மாடிக்கு மாற்றினார்கள். அங்கே சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறைகள் இருக்கின்றனவாம். ஆளுக்கு ஓர் அறை. உள்ளே உட்கார்ந்து எழுதிக் கொடுத்த வாக்கியங்களைப் படிக்க வேண்டும். கோபமாக, சோகமாக, சிரித்துக்கொண்டே. இரவு முழுக்க இதுதான் வேலை. வீட்டில் குரலைச் செலவழிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். கத்தக் கூடாது, சண்டை போடக் கூடாது. மாமா, நேற்று அவள் பச்சைக் கிளிப்பை எடுத்து என் தலையில் குத்திக்கொண்டு அவள் முன்னாலேயே நின்றேன். அவள் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அக்கா சண்டை போடாமல் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். படித்துக் கொடுத்த குரல் கம்பெனிக்குச் சொந்தம் என்று அதில் இருக்கிறதாம். "என் தம்பியைக் கேக்காம எதுலயும் கையெழுத்துப் போட வேணாம்" என்று அம்மா சொல்லிவிட்டாள். நீங்கள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பதிலை எங்கள் பள்ளிக்கு எதிரே இருக்கும் பேனா கடைக்கு அனுப்புங்கள். கடைக்கார ரப்பர் அண்ணன் வாங்கி வைப்பார். மூன்றாவது மாடியைப் பற்றி வெளியே பேசினால் அப்பாவின் வேன் வேலையும் போய்விடும். நான் எழுதியதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. உலகத்தில் இத்தனை ஊர் இருக்கும்போது எங்கள் ஊரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?

உங்கள்
வாயாடி


ஜூன் 24

என் வாயாடிக்கு,

கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். நான் இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு, வாளி மேல் உட்கார்ந்து முதுகைக் கெடுத்துக்கொள்ளாதே.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஒரு நாட்டுக்கு வேலையை அனுப்பலாமா என்று பார்க்க எங்களிடம் ஒரு தாள் உண்டு. இருபத்திரண்டு வரி. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூலி மலிவாக இருந்தால் போதும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். கூலி மலிவான நாடுகள் எத்தனையோ. அங்கே மின்சாரம் போகிறதா, போனால் எவ்வளவு நேரத்தில் வருகிறது, கடலுக்கடியில் வரும் இன்டர்நெட் கம்பி ஒன்றா இரண்டா, ஆட்சி மாறினால் சட்டமும் மாறுமா, எங்களுக்குப் பகல் என்றால் அங்கே இரவா, படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எல்லாவற்றையும் பார்ப்போம். பிறகு பேச்சு. கேட்பவருக்கு எந்த ஊர்க்காரர் என்று தெரியக் கூடாது. பிறகு பொறுமை. அதைச் சோதிக்க உங்கள் ஊர் வங்கியில் நான்கு நாள் வரிசையை மீறி முன்னால் போய் நின்றேன். ஒருவரும் சத்தம் போடவில்லை. ஒரு பெரியவர் நகர்ந்து இடம்கூடக் கொடுத்தார். முழு மதிப்பெண் போட்டேன்.

இருபத்திரண்டாவது வரியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நான் எழுதும் வரை அக்கா கையெழுத்துப் போட வேண்டாம். நான் எழுதும் வரை.

ஒரு காரியம் செய். ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவுக்குப் போன் வரும்போது எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் பேச்சு நடக்கிறது, என்னென்ன சொல்லப்படுகிறது என்று அப்படியே எழுதி அனுப்பு. ஏன் என்று கேட்காதே.

அன்புடன்
மாமா


ஜூலை 4

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அக்காவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. உங்கள் உடம்பு எப்படி என்று இரண்டு தடவை தேடிப் பார்த்தேன், கடிதத்தில் எங்கேயும் இல்லை.

நான் கணக்கில் வாங்காத மதிப்பெண்ணை எங்கள் ஊர் பொறுமையில் வாங்கியிருக்கிறதே! இடம் கொடுத்த அந்தப் பெரியவர் எங்கள் பள்ளி வாட்ச்மேனாகத்தான் இருக்கும்.

நீங்கள் பேசியதை உங்களுக்கே எழுதி அனுப்புவது வேடிக்கையாக இருக்கிறது. சரியாகப் பத்து மணிக்கு வருகிறது. ஒரு நிமிடம் முன்பின் இல்லை. இருபது நிமிடம் பேசுகிறீர்கள். போன ஞாயிறு அம்மா தாளைப் பற்றிக் கேட்டாள். "ஒரு கையெழுத்துதானே அக்கா, போட்டுட்டுப் போகட்டும். அவளுக்கு நல்லதுதான்" என்றீர்கள். அம்மா போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள், நானே கேட்டேன். கடிதத்தில் வேண்டாம் என்கிறீர்கள். எதை நம்புவது?

உங்களிடம் எனக்குக் கோபம். முன்பெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே கூப்பிடுவீர்கள், மெல்லுகிற சத்தம் கேட்கும். நடு நடுவே பழைய மோட்டார் சைக்கிளை உதைக்கிற மாதிரி இருமுவீர்கள். இப்போது இருமலே இல்லை. "தம்பிக்கு இருமல் விட்டுடுச்சு, சாமி கண்ணைத் திறந்துட்டார்" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். என்னை வாயாடி என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டீர்கள். "சின்னவ எப்படி இருக்கா?" என்று கேட்கிறீர்கள், பக்கத்து வீட்டு மாமி கேட்கிற மாதிரி. கடிதத்தில் மட்டும்தான் நான் வாயாடியா?

உங்கள்
வாயாடி (கோபத்தோடு)


ஜூலை 30

மாமா,

பதில் வரவில்லை. ரப்பர் அண்ணன் தினமும் உதட்டைப் பிதுக்குகிறார். உங்களுக்கு ஒன்றுமில்லையே? நான் கோபமாக எழுதியதால் கோபமா? ஞாயிறுதோறும் பத்து மணிக்கு நன்றாகத்தான் பேசுகிறீர்கள்.

போன வாரம் ஒரு விடியற்காலையில் அப்பா அம்மாவிடம் சொன்னதைக் கேட்டுவிட்டேன். நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டார்கள்.

"எல்லாரும் வண்டில ஏறியாச்சு. பதினாலு தலை. ரெண்டு தடவை எண்ணினேன். மாடில லைட்டையும் அணைச்சாச்சு. ஆனா மூணாவது மாடில பேச்சு கேட்டுக்கிட்டே இருக்கு."

"யாராவது உள்ள இருந்திருப்பாங்க."

"நம்ம பெரியவ குரல்டி. 'காத்திருந்ததற்கு நன்றி, காத்திருந்ததற்கு நன்றி'ன்னு. திரும்பிப் பாத்தா இவ பின் சீட்டுல வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குறா."

"தூக்கக் கலக்கத்துல வண்டி ஓட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது" என்றாள் அம்மா. அப்பா சட்டையைக் கழற்றி மாட்டினார். பிறகு, "மத்த பதிமூணு பொண்ணுங்க குரலும்தான் கேட்டுச்சு" என்றார்.

அன்றிலிருந்து நான் விளக்கை அணைப்பதில்லை. அக்கா பகலில் என் பக்கத்தில் தூங்கும்போது அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எழுதுங்கள் மாமா.

வாயாடி


ஆகஸ்ட் 14

என் வாயாடிக்கு,

இரண்டு கடிதமும் சேர்ந்து கிடைத்தன. சில நாள் நான் வீட்டில் இல்லை. உன் மேல் எனக்கு என்றைக்கும் கோபம் வராது.

இருபத்திரண்டாவது வரியை இப்போது சொல்கிறேன். அது நானே சேர்த்தது. ஊரைச் சுற்றும்போது ஒரு படிவம் வைத்திருந்தேன். பெயர், வயது, படிப்பு, கீழே பொடி எழுத்தில் பத்து வரி, அதற்கும் கீழே கையெழுத்து. பஸ் நிலையத்தில், கடைகளில், கல்லூரி வாசலில், உங்கள் வீட்டிலும் கொடுத்தேன். பொடி எழுத்தின் கடைசி வரி இது: "இதில் கையெழுத்துப் போடுபவர் நான் அல்ல."

முப்பது பேரிடம் வாங்கினேன். முப்பது பேரும் போட்டார்கள். உன் அப்பா வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே போட்டார். உன் அம்மா, "நீ குடுத்தா நான் ஏண்டா படிக்கணும்?" என்றாள். நீ மட்டும் கடைசி வரைக்கும் படித்துவிட்டு, "இது யார் மாமா, நான் இல்லாத நான்?" என்று கேட்டாய். அம்மா உன்னை அதிகப்பிரசங்கி என்று திட்டினாள். நீ சிறுமி என்று உன்னைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். முப்பதுக்கு முப்பது என்று அறிக்கையில் எழுதினேன். "இங்கே காகிதத்தைப் படிக்க மாட்டார்கள். குரல் யாருக்குச் சொந்தம் என்று கேட்கிற சட்டமும் இல்லை." அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் மூன்றாவது மாடியைக் கட்டினார்கள்.

படிவத்தின் அந்தக் கடைசி வரியை நான் யாரிடமும் வாயால் சொன்னதில்லை. உனக்கும் இப்போது எழுதித்தான் காட்டுகிறேன். நினைவில் வைத்துக்கொள்.

என் கையெழுத்தை உனக்குத் தெரியும். இதை நம்பு. காதில் விழுவதை நம்பாதே.

மாமா


ஆகஸ்ட் 27

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் விசாரித்தால் நீங்கள் பதில் சொல்வதில்லை. அதனால் இந்தத் தடவை விசாரிக்கவில்லை.

செப்டம்பர் 17-க்குள் பதினான்கு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒருத்தி போடாவிட்டாலும் கட்டடத்தை மூடிவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விடுவார்களாம். அங்கே இன்னும் மலிவாம், இன்னும் பொறுமையாம். பதின்மூன்று பேர் போட்டுவிட்டார்கள். எதிர் வீட்டு அத்தை நேற்று வாசலில் நின்று, "உங்க பொண்ணு குரல் என்ன தங்கமா? எங்க பொண்ணு போடலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அம்மா ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

ஞாயிறு வந்தது. நீங்கள் "போடச் சொல்லு அக்கா" என்றீர்கள். நான் அம்மா கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"மாமா, என் கடிதம் கிடைச்சுதா?"

"எந்தக் கடிதம்?"

உங்கள் குரல்தான். அதே குரல்.

"என்ன எழுதியிருந்த? படிச்சுக் காட்டு. நிதானமா, தெளிவா படி."

அம்மா போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "என்னடி கடிதம்?" என்று முறைத்தாள். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதும் பயிற்சி என்று பொய் சொன்னேன்.

மாமா, நீங்கள் யார்? எழுதுகிறவரா, பேசுகிறவரா?

வாயாடி


செப்டம்பர் 5

என் வாயாடிக்கு,

எழுதுகிறவன்தான் நான்.

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் தடுத்தது. நீ மோட்டார் சைக்கிள் என்று சொன்னாயே, அந்த இருமல், அது தொண்டையில் வந்த கட்டி. பிப்ரவரியில் என் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, அதன் வழியாக மூச்சு விடுகிறேன். ஏழு மாதமாக என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஜூலையிலும் மறுபடி ஆஸ்பத்திரியில்தான் கிடந்தேன்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ரொம்பக் கனிவாகப் பேசினார்கள். "உங்கள் குரலை எடுத்து வைத்துக்கொள்கிறோம். பிறகு நீங்கள் தட்டச்சு செய்தால் போதும், அது உங்களைப் போலவே பேசும்" என்றார்கள். பதினெட்டு நாள் பஞ்சு அறையில் உட்கார்ந்து படித்தேன். எட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்கவில்லை வாயாடி. ஊரெல்லாம் படிவம் கொடுத்துச் சிரித்தவன், முப்பத்தொன்றாவது ஆளாகப் போட்டேன்.

உன் அம்மா பயப்படுவாளே என்று நோயை மறைத்தேன். ஞாயிறு பத்து மணிக்கு நான் தட்டச்சு செய்வேன், அது அவளோடு பேசும். இருமல் இல்லை என்று அவள் மகிழ்ந்தபோது நானும் மகிழ்ந்தேன். மே மாதம், மூன்றாவது மாடி வேண்டாம் என்று சொன்னேன். வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். நான் தட்டச்சு செய்து அந்தக் குரலைப் பேசவைக்கும் வழியையும் மூடிவிட்டார்கள். மே 11-க்குப் பிறகு உன் அம்மாவோடு நான் ஒரு தடவைகூடப் பேசவில்லை.

பேசுவது யார் என்று எனக்கும் தெரியாது. யாராவது ஏவுகிறார்களா, அல்லது ஞாயிறு பத்து மணி என்று அதற்கே பழகிவிட்டதா?

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் கொடு. சந்தேகம் வந்தால் படிவத்தின் கடைசி வரி என்ன என்று அதைக் கேள். அதற்குத் தெரியாது. ஆனால் நீ சொல்லிவிடாதே. அதற்கு எதையும் படித்துக் காட்டாதே.

மாமா


செப்டம்பர் 15

அன்புள்ள மாமாவுக்கு,

கழுத்து வலிக்கிறதா? இதை முதலில் கேட்கச் சொன்னாள் அம்மா.

கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. கொடுக்கத் தைரியம் வரவில்லை. நேற்று பத்து மணிக்குப் போன் வந்தது, அம்மா எடுத்தாள். அப்போதுதான் கடிதத்தை அவள் மடியில் வைத்தேன். ஒரு கையில் போன், ஒரு கையில் கடிதம். "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே படித்தாள். துளை என்ற இடத்துக்கு வந்ததும் "ம்" நின்றுவிட்டது.

"டேய், எங்கடா இருக்க?"

"வீட்டுலதான் அக்கா."

"கழுத்து எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன் அக்கா. பெரியவ கையெழுத்துப் போட்டாளா?"

நான் குனிந்து போனில் கேட்டேன்: "நீங்க குடுத்த படிவத்துல கடைசி வரி என்ன?"

நீங்கள் சிரிப்பது போலவே சிரித்தது மாமா. மூக்கால் ஆரம்பித்து வாயில் முடிகிற சிரிப்பு. பிறகு, "மறந்துடுச்சு. நீ சொல்லேன்" என்றது. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். "சொல்லு. நிதானமா, தெளிவா சொல்லு" என்றது. அம்மா போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அக்காவைத் தூக்கத்திலிருந்து எழுப்பினாள். கம்பெனித் தாளை எடுத்து வரச் சொன்னாள். "படி. ஒரு வரி விடாம படி" என்றாள். கட்டிய தொண்டையோடு அக்கா படித்தாள். வேலையை விட்டு நின்ற பிறகும், உயிரோடு இல்லாத பிறகும் அந்தக் குரல் கம்பெனிக்குச் சொந்தம் என்ற வரியில் அவளாகவே நிறுத்தினாள். அவளே எழுந்து போய்த் தாளை வாளித் தண்ணீரில் போட்டாள். என் வாளி.

இன்று காலை என் தலையிலிருந்த பச்சைக் கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு, "திருட்டுப் பிசாசே, இது எப்பவும் என்னுது" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உங்கள்
வாயாடி


அக்டோபர் 2

என் வாயாடிக்கு,

வலி இல்லை என்று உன் அம்மாவிடம் சொல். இத்தனை மாதத்தில் நான் கேட்ட முதல் நல்ல செய்தி அந்தக் கிளிப்புச் சண்டைதான். இரண்டாவது மூக்குச் சிரிப்பு. நான் அப்படியா சிரிப்பேன்?

டிசம்பரில் வருகிறேன். ஒரு சிலேட்டும் கொண்டுவருவேன். உன் அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்லி வை, எனக்குப் பதிலுக்கு அழக்கூடச் சத்தம் இல்லை.

அதுவரை ஞாயிறு பத்து மணிக்குப் போனை எடுக்காதீர்கள். எத்தனை தடவை அடித்தாலும்.

மாமா


அக்டோபர் 27

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் சுகமாக இருக்கிறோம் என்று எழுத ஆசை.

கம்பெனி போய்விட்டது. பதினாலில் பதின்மூன்று போதாது என்று சொன்னார்கள். ஆனால் நாற்காலிகளை அதற்கு ஒரு வாரம் முன்பே லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்று அப்பா சொல்கிறார். எதிர் வீட்டு அத்தை எங்களோடு பேசுவதில்லை. அப்பா இப்போது எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறார். கட்டடத்தில் ஒரு விளக்குகூட இல்லை. அந்தப் பக்கம் போகும்போது மட்டும் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

போன் ஞாயிறுதோறும் அடிக்கிறது. ஐந்து வாரம் எடுக்கவில்லை. எண்ணை மாற்றலாம் என்று அக்கா சொன்னாள், "தம்பிக்குத் தெரிஞ்ச எண் இது ஒண்ணுதான்" என்றாள் அம்மா. அடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் போய் நிற்பாள், அது அடித்து ஓயும் வரை அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருப்பாள், குழந்தையைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி. போன வாரம் என்னிடம், "அவன் இல்லடி, தெரியும். ஆனா அவன் குரல் இப்ப வேற எங்க இருக்கு?" என்றாள்.

நேற்று எடுத்துவிட்டாள் மாமா.

நான் ஓடி வருவதற்குள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ பேசு. சும்மா பேசிட்டு இரு" என்றாள். அது பேசியது. நீங்கள் சின்ன வயதில் கிணற்றில் செருப்பைப் போட்ட கதையைச் சொன்னது. எப்போதோ நீங்கள்தான் சொல்லியிருப்பீர்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

பிறகு "சின்னவ எப்படி இருக்கா?" என்று கேட்டது.

"வேண்டாம்மா" என்று கையை ஆட்டினேன். அம்மா என்னைப் பார்த்தாள். பேசக் கூடாது என்பதை மறந்தே போனாள். "அவளா? உன் வாயாடி இப்பல்லாம் வாயே திறக்கறதில்லடா" என்றாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஏதோ எழுதிக்கொள்வது போல அவ்வளவு நேரம் சத்தமே இல்லை.

டிசம்பர் வரைக்கும் காத்திருக்காதீர்கள் மாமா. சீக்கிரம் வாருங்கள். சிலேட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். நீங்கள் எழுதுவதை அம்மா நேரில் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் அந்தப் போனை விடுவாள்.

ஏனென்றால் அந்த மௌனம் முடிந்ததும் அது இருமியது. பழைய மோட்டார் சைக்கிளை உதைக்கிற மாதிரி, இரண்டு தடவை. எங்கிருந்து கற்றுக்கொண்டதோ தெரியவில்லை. பிறகு உங்கள் குரலில், நீங்கள் கூப்பிடுகிற அதே இழுப்போடு, மெல்லக் கூப்பிட்டது.

"வாயாடி... ஏய் வாயாடி... மாமாகிட்ட ஏதாவது பேசேன்."

நான் பேசவில்லை.